குளம் காலியாகட்டும்

ஓர் அணுமின் நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தால், படிக்கிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டாகிறது. கடையை மூடினார்கள் என்றால் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்கள் என்று பொருள். சினிமாக் கொட்டகையை மூடினார்கள் என்றால் அன்றிலிருந்து அங்கே படம் ஓடாது என்று பொருள். அந்த மாதிரியே அணு உலையை மூடினார்கள் என்றால் அபாயம் தொலைந்தது, அக்கம்பக்கத்து ஊர்க்காரன் இனிமேல் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். 'மூடுவது' என்ற அந்த ஒரு சொல் செய்கிற மோசம் கொஞ்சநஞ்சமல்ல. நான் சொற்களை வைத்துப் பிழைக்கிறவன். ஒரு சொல் பொய் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பொய்யை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒரு சர்க்கார் காரியம் நடத்தினால் கோபம் இரட்டிப்பாகிறது.

நான் சொல்லப்போவது அமெரிக்காவில் நடந்த விஷயம். அங்கே வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்று ஒரு சின்ன மாநிலம் இருக்கிறது. மலை, பசுமாடு, மேப்பிள் மரம், நீண்ட பனிக்காலம் - இவற்றுக்குப் பேர்போன இடம். அதன் தென்கோடியில், கனெக்டிகட் ஆற்றங்கரையில், வெர்னன் என்ற சிற்றூரில் 1972-ல் ஓர் அணுமின் நிலையம் ஓடத் தொடங்கியது. 'வெர்மான்ட் யாங்கி' என்று அதற்குப் பெயர். நாற்பத்திரண்டு வருஷம் ஓடி, 2014 டிசம்பர் 29-ஆம் தேதி நின்றது. விபத்து ஒன்றுமில்லை. இயற்கை எரிவாயுவில் எடுக்கிற மின்சாரம் மலிந்துபோய், இதில் கட்டுப்படியாகவில்லை என்று முதலாளிகளே நிறுத்திவிட்டார்கள்.

நிலையம் ஓடிய காலத்தில் அதைச் சுற்றிப் பத்து மைல் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் ஊர்கள் அந்த வட்டத்துக்குள் வரும். வட்டம் போடுகிற இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1979 மார்ச் 28-ஆம் தேதி பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவு நிலையத்தில் விபத்து நடந்தது. இரண்டு நாள் கழித்து, ஐந்து மைலுக்குள் இருக்கிற கர்ப்பிணிப் பெண்களும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று கவர்னர் சொன்னார். அவர் சொன்னது சில ஆயிரம் பேரை. கிளம்பியவர்களோ சுமார் 1,40,000 பேர்! எந்தச் சாலையில் போவது, எங்கே தங்குவது, கிழவர்களை யார் தூக்குவது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வெட்கத்தின் விளைவாகத்தான் 1980-ல் விதி வந்தது: பத்து மைல் வட்டத்துக்குத் திட்டம் இல்லாமல் எவனும் அணு உலை ஓட்டக் கூடாது.

திட்டம் என்றால் என்ன? எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ், எந்தச் சாலை, ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போக எத்தனை வண்டி, அவர்களை வாங்கிக்கொள்ள எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பண்ணைப் பாலை எங்கே சோதிப்பது - இவ்வளவும் எழுதி வைத்திருப்பார்கள். நிலையத்தில் ஏதாவது நேர்ந்தால் 15 நிமிஷத்துக்குள் மாநில அதிகாரிகளுக்குத் தகவல் போகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மத்திய சர்க்காரின் ஆட்கள் வந்து பார்க்க, ஒத்திகை நடத்த வேண்டும். இந்த ஒத்திகைதான் முக்கியம். நாடகக் கம்பெனி நடத்தியவர்களைக் கேளுங்கள்; வசனப் புத்தகம் பெட்டியில் இருந்தால் நாடகம் நடந்துவிடுமா? பஸ் டிரைவர் போன வருஷம் வேலையை விட்டுப் போயிருப்பான். ஆஸ்பத்திரி டெலிபோன் எண் மாறியிருக்கும். பாலம் ஒன்று பழுதாகிக் கிடக்கும். ஒத்திகை பார்க்கிறபோதுதான் இதெல்லாம் தெரியவரும். அதற்கு ஆகிற செலவில் பெரும்பகுதியை நிலையத்துக்காரர்கள் தலையில் வைத்திருந்தார்கள். நியாயம்தான்.

நிலையம் நின்ற பிறகு அந்தத் திட்டத்திலிருந்து விலக்குக் கேட்டார்கள் முதலாளிகள். வெர்மான்ட் மாநிலம் ஆட்சேபித்தது. ஆட்சேபம் எடுபடவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விலக்குக் கொடுத்தது; நிலையம் நின்று பதினைந்தரை மாதம் ஆனதும், 2016 ஏப்ரலில் பத்து மைல் வட்டம் அழிந்தது. அதற்குமேல் மத்திய விதிப்படி வேலிக்கு வெளியே திட்டம் வேண்டியதில்லை.

அன்றைக்கு எரிபொருள் எங்கே இருந்தது? பெரும்பகுதி குளத்தில் இருந்தது. கடைசிக் கட்டு குளத்தைவிட்டு வெளியேறியது 2018 ஆகஸ்டில். நடுவில் இருபத்தெட்டு மாதம். என் சண்டை முழுக்க இந்த இருபத்தெட்டு மாதத்தைப் பற்றித்தான்.

குளம் என்றதும் அல்லியும் தாமரையும் நினைவுக்கு வரவேண்டாம். உலையில் வெந்து முடிந்த எரிபொருள் கோல்களைப் போட்டு வைக்கிற ஆழமான கான்கிரீட் தொட்டி அது. யுரேனியம் வெந்து முடிந்ததே தவிர, அணைந்துவிடவில்லை. நம் வீட்டு அடுப்பில் சமையல் ஆனபிறகு விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தால் தீர்ந்தது. உலையில் அப்படிச் செய்ய முடியாது. நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு தானாகவே உண்டாகிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் அது ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அப்புறம் இறங்குவது மெதுவாக, மிக மெதுவாக, வருஷக்கணக்கில் இறங்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம்மவர்கள் சொல்வது இதற்குத்தான் பொருந்தும். அதை மூடி வைத்திருக்கிற நீறு தண்ணீர். தண்ணீர் வடிந்துபோனால், கோல்களைப் போர்த்தியிருக்கிற சிர்க்கோனியம் என்ற உலோகம் சூடேறும். 900 டிகிரி அளவுக்குப் போனால் காற்றிலேயே பற்றிக்கொள்ளும். பற்றினால் உள்ளே இருக்கிற சீசியம் புகையோடு கிளம்பும்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அணு விபத்து என்றதும் அயோடின் மாத்திரை, தைராய்டு என்று எல்லாரும் பேசுகிறார்கள். கதிர்வீச்சுள்ள அந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகக் குறைகிற சரக்கு. உலை நின்று சில மாதம் ஆனால் அது இல்லை. ஆகவே மாத்திரை கொடுப்பதை நிறுத்தினால் நான் வாய் திறக்க மாட்டேன். சீசியம் 137 பாதியாவதற்கு முப்பது வருஷம் ஆகும். உலை நின்ற அன்று எவ்வளவு இருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவும் பதினைந்தரை மாதம் கழித்தும் குளத்தில் இருந்தது. ஒரு ஊரை ஆள் இல்லாத ஊராக்குவது அயோடின் அல்ல, இந்தச் சீசியம்தான்.

ஆணையத்தின் கட்சி என்ன? அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குளம் வற்றுவதே அபூர்வம். பெரிய பூகம்பமோ, கனமான ஒரு பொருள் விழுவதோ, யாராவது வேண்டுமென்றே செய்வதோ தவிர வழியில்லை என்கிறார்கள். அப்படியே முழுக்க வற்றினாலும், கோல்களின் சூடு கொஞ்சமும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும், பற்றிக்கொள்கிற நிலைக்கு வரப் பத்து மணி நேரம் ஆகும். பதினைந்தரை மாதம் ஆறப்போட்டதன் பலன் அது. பத்து மணி நேரத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சலாம். அது முடியாவிட்டால், வெள்ளத்துக்கும் புயலுக்கும் செய்வதுபோல அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி ஜனங்களை வெளியேற்றலாம். தனித் திட்டம் எதற்கு? இதுதான் அவர்கள் வாதம். கணக்கில் குற்றம் இல்லை. பயந்த கணக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அதிக நேரமே கிடைக்கலாம்.

அப்படியிருக்க, எங்கே இடிக்கிறது? இதே ஆணையத்தின் நிபுணர்கள் 2001-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். குளத்தில் தீப்பிடிக்கிற வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பிடித்துவிட்டால் விளைவு உலை விபத்துக்கு இளைத்ததாக இராது என்றார்கள். இத்தனை வருஷம் ஆறிவிட்டால் எந்த நிலையத்திலும் தீப்பிடிக்கவே முடியாது என்று பொதுவாக ஒரு கெடு வைக்க இயலாது என்றும் எழுதினார்கள். வாய்ப்புக் குறைவு என்பதுதான் காரணமென்றால், ஓடுகிற உலைக்கும் அந்தக் காரணம் பொருந்துமே! ஓடுகிற உலையிலும் விபத்து அபூர்வம் என்று சொல்லித்தானே கட்டினார்கள்? அபூர்வமாக நடக்கக்கூடியதற்குத்தான் திட்டம். தினமும் நடப்பதற்குத் திட்டம் எதற்கு, பழக்கமே போதுமே.

சரி, அந்தப் பத்து மணி நேரத்துக்கு வருவோம். எஞ்சினீயர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பத்து மணி நேரம் தாராளம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூக்கில் குழாயோடு கிடக்கிற கிழவிக்கு?

ஜப்பானில் ஃபுகுஷிமா நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், ஒகுமா என்ற ஊரில் ஃபுடாபா மருத்துவமனை இருந்தது. 2011 மார்ச்சில் விபத்து நடந்தபோது, நடக்க முடிந்த நோயாளிகள் முதலில் போய்விட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்களும் பக்கத்து முதியோர் இல்லத்தில் இருந்தவர்களும் மின்சாரம் இல்லாமல், வெந்நீர் இல்லாமல், மார்ச் மாதக் குளிரில் காத்திருந்தார்கள். மார்ச் 14-ஆம் தேதி முதல் தொகுதியை பஸ்ஸில் ஏற்றினார்கள். படுத்தே இருக்கவேண்டியவர்களை உட்காரவைத்து ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு எங்கே போவது? வாங்கிக்கொள்ள ஓர் ஆஸ்பத்திரி முன்கூட்டி ஏற்பாடாகவில்லை. வடக்கே போய், பிறகு சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பி, 230 கிலோமீட்டர் அலைந்து இவாகி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் இறக்கினார்கள். பயணத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பஸ்ஸிலேயே சிலர் இறந்திருந்தார்கள். அந்த மருத்துவமனையிலும் இல்லத்திலும் இருந்தவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்த நாட்களில் செத்துப்போனார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. 'அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி' என்ற அந்த வார்த்தைதான். ஜப்பானிலாவது பெயருக்கு ஒரு திட்டம் இருந்தது. அதில் இந்தக் கிழவர்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

பத்து மணி நேரம் என்று காகிதத்தில் எழுதுகிறவர் ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததாக நினைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும். மூடிய நிலையங்களில் பொதுவாக இன்னொரு சலுகையும் கொடுக்கிறார்கள்: 15 நிமிஷத்தில் தகவல் சொல்லவேண்டும் என்றிருந்ததை ஒரு மணி நேரமாக நீட்டிவிடுகிறார்கள். பத்திலிருந்து ஒன்று போயிற்று. சேதி வந்தபிறகு டிரைவர் எண்ணைத் தேட ஆரம்பிக்க வேண்டும்.

ஃபுகுஷிமாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அது நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. அங்கே நான்காவது உலை விபத்துக்கு முன்பே, 2010 நவம்பரிலிருந்து, பராமரிப்பு வேலைக்காக நின்றுகொண்டிருந்தது. உலைக்குள் எரிபொருளே கிடையாது, அத்தனையும் குளத்தில். புதியதும் பழையதுமாக 1,535 கட்டுகள். அந்தக் குளம் வற்றிவிட்டது என்று 2011 மார்ச் 16-ஆம் தேதி அமெரிக்கப் பார்லிமெண்டில் சொன்னவர் யார் தெரியுமா? இதே ஒழுங்குமுறை ஆணையத்தின் அப்போதைய தலைவர் கிரெகரி ஜாஸ்கோ. ஜப்பானில் இருக்கிற அமெரிக்கர்கள் நிலையத்திலிருந்து ஐம்பது மைலுக்கு அப்பால் போய்விடவேண்டும் என்று அன்று யோசனை சொன்னார்கள். பிற்பாடு பார்த்தால் குளத்தில் தண்ணீர் இருந்தது. எப்படி இருந்தது என்பது ஒரு வேடிக்கை. பக்கத்துக் கிணற்றில் வேலைக்காக நிரப்பியிருந்த தண்ணீரை முன்பே வடித்திருக்கவேண்டும். வேலை பிந்தியதால் வடிக்கவில்லை. நடுவில் இருந்த கதவு வழியாக அந்தத் தண்ணீர் கசிந்து குளத்துக்கு வந்தது. ஒரு வேலைத் தாமதம் காப்பாற்றியது! வெர்மான்ட் யாங்கியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த உலைதான். அதன் குளமும் தரையில் இல்லை, கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. தன் ஜனங்களுக்கு ஜப்பானில் ஐம்பது மைல் வேண்டும் என்று நினைத்தவர்கள், தன் ஊரில் பூஜ்யம் மைல் போதும் என்று எப்படி வந்தார்கள்?

காரணம் பணம். நிலையம் ஓடுகிற காலத்தில் தினமும் மின்சாரம் விற்கிறது. அதில் ஊர்க்காரனுக்கு ஒரு பங்கு செலவழிப்பது முதலாளிக்கு உறைக்காது. நின்றுபோன பிறகு வரவு இல்லை, செலவு மட்டும்தான். உலையைப் பிரித்து அகற்ற ஒதுக்கி வைத்த நிதியிலிருந்து ஒவ்வொரு டாலராகப் போகும். ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி. கடந்தபின் நீ யார், நான் யார். இந்த முதலாளிகளின் நிதிக் கவலை எனக்குப் புரிகிறது. கவலைப்படுவது அவர்கள் தொழில். ஆணையத்தின் தொழில் அது அல்லவே?

ஊர்க்காரன் சம்மதம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது ஒரு காலத்தில்! நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் தீவில் ஷோரம் என்ற இடத்தில் ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். விபத்து நடந்தால் இந்தத் தீவிலிருந்து ஜனங்களை வெளியேற்ற முடியாது என்று 1983-ல் அந்த மாவட்ட சபை தீர்மானம் போட்டது. மாநில கவர்னரும் அந்தப் பக்கமே நின்றார். கட்டி முடித்த நிலையம், வியாபார ரீதியாக ஒரு நாள்கூட மின்சாரம் விற்காமல், 1989-ல் கைவிடப்பட்டது. திறப்பதற்கு அவ்வளவு இன்றியமையாத திட்டம், மூடும்போது மட்டும் முதலில் தூக்கி எறிகிற சாமானாகிவிட்டது.

வெர்மான்ட்டோடு இது நிற்கவில்லை. மாசசூசெட்ஸில் பில்கிரிம் நிலையம் 2019 மே 31-ஆம் தேதி நின்றது. அதற்குப் பத்தே மாதத்தில், 2020 ஏப்ரலில், விலக்கு அமலுக்கு வந்தது. எரிபொருள் குளத்தைவிட்டுப் போய்ச் சேர்ந்தது 2021 டிசம்பரில். கலிபோர்னியாவில், கடற்கரையோரம், லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே இருக்கிற சான் ஒனோஃப்ரே நிலையத்துக்கு 2015 ஜூனில் விலக்கு. குளங்கள் காலியானது 2020 ஆகஸ்டில். ஐந்து வருஷத்துக்கு மேல்!

இந்த சான் ஒனோஃப்ரேயில் 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஒரு சம்பவம் நடந்தது. எரிபொருள் அடைத்த சுமார் ஐம்பது டன் எடையுள்ள உருளையைப் பெட்டகத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உருளை உள்விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. தாங்கிய வார்கள் தொய்ந்துவிட்டன. கீழே பதினெட்டு அடி வெற்றிடம். உருளை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் மேலே நின்றவர்கள். சுமார் முக்கால் மணி நேரம் அது அந்தரத்தில் நின்றது. சில நாள் கழித்து, ஒரு பொதுக்கூட்டத்தில், அங்கே வேலை பார்த்த ஒருவர் எழுந்து சொன்னபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அப்புறம் விசாரணை, 1,16,000 டாலர் அபராதம். உருளை விழுந்திருந்தாலும் உடைந்திராது என்று சொன்னார்கள். இருக்கலாம். நான் அதை வைத்து யாரையும் பயமுறுத்தவில்லை. மூடிய நிலையம் தூங்குகிற நிலையம் அல்ல என்பதற்குச் சொல்கிறேன். ஓடிய காலத்தைவிட அதிகமாகக் கனத்தைத் தூக்குவதும் இறக்குவதும் அங்கே அப்போதுதான் நடக்கிறது. பழகிய ஆட்கள் வேலை போய்ப் பிரிந்துவிடுகிறார்கள்; ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்கள் கயிறு பிடிக்கிறார்கள். அந்த வேளை பார்த்து ஊர்க்காரனுடைய திட்டத்தையும் எடுத்துவிடுகிறார்கள்.

எங்கோ அமெரிக்காவில் நடப்பதற்கு நீ ஏன் அடித்துக்கொள்கிறாய் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கல்பாக்கத்தில் முதல் உலை 1984-ல் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் 1969-ல். ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் உலை 2004-லேயே நின்றுவிட்டது. எரிபொருள் வேறு, கணக்கு வேறு. வெர்மான்ட் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட நான் சொல்லவில்லை. ஆனால் மூடுகிற காலம் இங்கேயும் வரும். வரும்போது வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள் என்றுதான் நம் அதிகாரிகள் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள். 'பத்து மணி நேரம்' என்ற வரி அங்கே தயாராக இருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கெடுவை மாதக் கணக்கில் வைக்காதீர்கள், குளத்தில் வையுங்கள். கடைசிக் கட்டு குளத்தைவிட்டு வெளியேறுகிற வரையில் வட்டம் இருக்கட்டும். வட்டத்தைக் கொஞ்சம் சுருக்கவேண்டுமென்றால், ஊர்க்காரனை உட்காரவைத்துப் பேசிச் சுருக்குங்கள். மாத்திரையை நிறுத்துங்கள். ஒத்திகையை மட்டும் நிறுத்தாதீர்கள். இதில் முதலாளிக்கும் ஒரு லாபம் உண்டு: குளத்தைச் சீக்கிரம் காலி செய்கிறவனுக்குச் செலவு சீக்கிரம் தீரும். இப்போதைய ஏற்பாட்டிலோ, காலி செய்தாலும் செய்யாவிட்டாலும் திட்டச் செலவு மிச்சம்.

வெர்னனில் 58 பெட்டகங்கள் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கின்றன. நிரந்தரமாக எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அமெரிக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. 1987-ல் பொறுக்கிய யூக்கா மலை 2010-லிருந்து கிடப்பில் கிடக்கிறது. அந்தப் பெட்டகங்களுக்குத் தண்ணீர் வேண்டாம், பம்பு வேண்டாம். தானாக வீசுகிற காற்றே சூட்டைக் கொண்டுபோகும். அவற்றுக்காகப் பத்து மைல் வட்டம் போடு என்று நான் கேட்கமாட்டேன். வேலியும் காவலும் போதும். ஆனால் 2016 ஏப்ரலில், வட்டத்தை அழித்த அன்று, அவற்றில் பெரும்பாலானவை இன்னும் நிரப்பப்படவில்லை. அவற்றுக்குள் போகவேண்டியது மேல்தளத்துக் குளத்தில் கிடந்தது.